மோத்திக்குச் சொன்ன சேதிகள்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு நடத்திவந்த நசீர் அகமது சாயபுவின் வீட்டில் மோத்தி என்று ஒரு பெட்டைக் குதிரை இருந்தது. அந்தக் குதிரைக்கு லாயத்தில் ஒரு மரியாதை, ரோட்டில் வேறொரு மரியாதை. லாயத்தில் இருக்கும்போது வண்டிக்காரன் கன்னியப்பன், "தள்ளி நில்லுடி, கொள்ளைச் சிந்தாதேடி" என்று அதட்டுவான். அதே குதிரையை ஜட்காவில் பூட்டி, வீட்டுப் பெண்களை ஏற்றி, கூண்டின் முன்னும் பின்னும் பச்சைத் திரையை இழுத்துவிட்டு, ஊர் எல்லையைத் தாண்டிவிட்டால் பேச்சே மாறிவிடும். "மோத்திம்மா, கொஞ்சம் ஏரிப்பக்கம் பாருங்க. புங்கமரம் பூத்துக் கொட்டியிருக்குது பாருங்க. தரையெல்லாம் பொரி எறைச்ச மாதிரி இருக்குது."

குதிரை ஏரிப்பக்கம் பார்க்காது. அது கொள்ளுத் தீனியை நினைத்துக்கொண்டு நேராகப் போகும். திரைக்குள்ளிருந்து மட்டும் வளையல் சத்தம் கேட்கும்.

மோட்டார் வாங்கலாமா வேண்டாமா என்று ஆம்பூர் வியாபாரிகள் யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. கன்னியப்பனுக்கு நாற்பத்தைந்து வயது. இளவயதில் பத்து வருஷம் பட்டை வண்டி ஓட்டியவன். ஆட்டுத்தோலைப் பதப்படுத்த ஆவாரஞ்செடியின் பட்டை வேண்டும். மலையடிவாரங்களில் உரித்துக் காயவைத்த பட்டையை மாட்டு வண்டியில் ஏற்றி ஷாப்புகளுக்குக் கொண்டுவருவது அவன் வேலையாக இருந்தது. மாடுகள் தாமாக நடக்கும். வண்டிக்காரனுக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. அப்படிப் பத்து வருஷம் பார்த்ததில் எந்தப் பொந்தில் எந்தப் பறவை, எந்தச் சரிவில் எந்த மாதம் என்ன பூ என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். பார்த்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவனுக்கு வயிறு உப்பிக்கொள்ளும்.

அந்த வாய்தான் அவனை இரண்டு இடங்களிலிருந்து விரட்டியது. வேலூர் லாங் பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்காரருக்கு வண்டி ஓட்டினான். இனிப்பைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த அந்த மனிதர் எந்தக் கடையில் அல்வா வாங்குகிறார் என்பதை அவருடைய மனைவியிடம் விவரமாகச் சொன்னான். முதல் வேலை அப்படிப் போயிற்று. வாலாஜாபேட்டையில் ஒரு மிராசுதாரரை ரயிலுக்கு அழைத்துப்போகும் வழியில், கொண்டலாத்திப் பறவை கொண்டையை விரிக்கும் அழகைப் பார்க்கச் சொல்லி வண்டியை நடுரோட்டில் நிறுத்தினான். மிராசுதாரர் கொண்டலாத்தியையும் பார்க்கவில்லை, ரயிலையும் பார்க்கவில்லை. அது இரண்டாவது வேலை.

மூன்றாவதாக நசீர் அகமது சாயபுவின் வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள். லாயத்தை ஒட்டி ஒரு அறையும் கொடுத்தார்கள். சாயபுவின் மேனேஜர் ஷபீ அஹமது முதல் நாளே விரலை நீட்டிச் சொல்லிவிட்டார்.

"உன்னைப் பத்தி எல்லாம் கேள்விப்பட்டேன். இது பர்தா பாக்குற வீடு. பொம்பளைங்க வண்டியில இருக்கும்போது அவங்களோட நீ ஒரு வார்த்தை பேசினேன்னு காதுல விழுந்துது, அன்னிக்கே லாயத்தைக் காலி பண்ணு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க."

"இப்பவே ஜாஸ்தி பேசுறே."

ஒரு வருஷம் கன்னியப்பன் ஊமையாக வண்டி ஓட்டினான்.

பிறகுதான் சாயபுவின் மருமகள் அக்தரி பேகத்துக்குக் காய்ச்சல் வந்தது. வேலூரில் பிறந்து வளர்ந்து ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண். வீட்டில் பேசுவது உருது. வேலூரில் அடுத்த வீட்டுப் பெண்களோடு பழகியதால் தமிழும் நன்றாக வரும். கணவர் மாதத்தில் இருபது நாள் சென்னை பெரியமேட்டுக் கிடங்கில் இருப்பார். காய்ச்சல் விட்ட பிறகும் அந்தப் பெண் தேறவில்லை. சோறு இறங்கவில்லை, யாரோடும் பேச்சில்லை. ஹக்கீம் வந்து நாடி பார்த்துவிட்டு, "மருந்து போதும். வாரத்துக்கு ரெண்டு நாள் இந்தத் தோல் வாடைக்கு வெளியே அழைச்சிட்டுப் போங்க" என்றார். வியாழனும் ஞாயிறும் காலையில் மாதனூர் ரோட்டில் நாலாவது மைல்கல் வரைக்கும் போய், அங்கே இருந்த சாயபுவின் மாந்தோப்பில் சிறிது நேரம் இருந்துவிட்டுத் திரும்புவது என்று ஏற்பாடாயிற்று. துணைக்கு வீட்டு வேலைக்காரி பூவம்மாள் கூடப் போவாள்.

முதல் நாள். மாசி மாதம். கூண்டின் பக்கத் தட்டியில் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. அதன் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்த அக்தரி பேகம் கேட்டாள். "பூவம்மா, தந்திக் கம்பி மேல ஒண்ணு உக்காந்திருக்கே, அது என்ன பறவை?"

"குருவிம்மா."

"அவ்வளவு பெருசாவா?"

"பெரிய குருவிம்மா."

"இந்தப் பக்கம் மரத்துல இருக்கே, அது?"

"அதுவும் குருவிதாம்மா. இது வேற மாதிரி."

முன்பலகையில் உட்கார்ந்திருந்த கன்னியப்பனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு வருஷமாக அடைத்து வைத்திருந்த வாய். பல்லைக் கடித்துப் பார்த்தான், முடியவில்லை. லகானைப் பிடித்தபடி குதிரையின் காதைப் பார்த்து, ஆனால் பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கிற குரலில், "மோத்திம்மா, கம்பி மேல இருக்குறது பனங்காடைங்க. உக்காந்திருக்கும்போது மண்ணு கலருல சும்மாதான் இருக்கும். பறக்கும்போது பாருங்க" என்றான்.

வண்டி நெருங்கியதும் பறவை எழும்பிற்று. இறக்கையை விரித்ததும் வானத்தில் ஒரு துண்டு கழன்று பறக்கிற மாதிரி அப்படியொரு நீலம். திரைக்குள்ளே மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. "யா அல்லா!"

"யாருகிட்டய்யா பேசுறே?" என்றாள் பூவம்மாள்.

"குதிரைகிட்ட."

"குதிரைக்கு என்னாத்துக்குப் பனங்காடை?"

"திடுக்குனு பறந்தா மெரளும் இல்ல? முன்கூட்டியே சொல்லிட்டா மெரளாது."

பூவம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்று தோப்பில் அக்தரி பேகம் இரண்டு இட்லி தின்றாள் என்பதை அவள் வீட்டில் போய்ச் சொன்னாள். இட்லி எப்படி இறங்கியது என்பதைச் சொல்லவில்லை.

அப்படித்தான் மோத்தி கல்வி கற்க ஆரம்பித்தது. பங்குனியில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நெருப்பாகப் பூத்து நிற்கும் பொரசமரத்தை அதற்குக் காட்டினான். ஈச்சம்புதரில் செம்போத்து தாவுவதையும், கௌதாரி தன் குஞ்சுகளை வரிசையாக ரோட்டைக் கடத்துவதையும், பாலாற்று மணலில் தேங்கிய தண்ணீர் ஓரம் மீன்கொத்தி தவம் இருப்பதையும் சொன்னான். சில நாட்களில் திரைக்குள்ளிருந்து பென்சில் காகிதத்தில் உரசும் சத்தம் கேட்கும். என்ன எழுதுகிறாள் என்று அவனுக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது. மூன்று மாதத்தில் அந்தப் பெண்ணின் குரலில் தெம்பு வந்துவிட்டது. உடம்பு தேறிய பிறகும் வியாழனும் ஞாயிறும் வண்டி பூட்டுவது நிற்கவில்லை.

ஆனால் ரோடு எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது. சில நாள் புழுதியைத் தவிர ஒன்றும் இருக்காது. அப்படி ஒரு நாள் மூன்று மைல் போயும் சொல்வதற்கு ஒரு காக்கை கூடக் கிடைக்கவில்லை. திரைக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. கன்னியப்பனால் தாங்க முடியவில்லை.

"மோத்திம்மா, அந்தப் பாறைக்குப் பின்னாடி பாருங்க. நரி! மூணு குட்டியோட!"

"எங்கே?" என்று பூவம்மாள் தட்டியில் கண்ணை வைத்தாள். "ஒண்ணையும் காணோமே!"

"உன் சத்தத்துக்கு ஓடிப்போய்டுச்சு."

அது முதல் பொய். அதற்குப் பிறகு புழுதி நாட்களில் எல்லாம் ஏதாவது ஒன்று பாறைக்குப் பின்னாலோ புதருக்குள்ளோ ஓடி மறைந்துகொண்டிருந்தது. ஒரு முறை வெள்ளை மயில் கூடப் போயிற்று. யாருக்கும் நஷ்டமில்லையே என்று அவன் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

இரண்டாம் வருஷம் பங்குனியில் பெரிய பொய் ஒன்றைச் சொன்னான். அன்று பள்ளிகொண்டாவில் இருந்த ஓர் உறவுக்காரர் வீட்டுக்கு அக்தரி பேகத்தை அழைத்துப்போயிருந்தான். அங்கே யார் என்ன சொன்னார்களோ, திரும்பும்போது கூண்டுக்குள் பேச்சே இல்லை. பூவம்மாள் கூட வாயை மூடிக்கொண்டு வந்தாள். ஒரு தரம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. மாதனூர் வருவதற்கு முன்பு, ஏழாவது மைல்கல்லில், கானல் பறக்கும் வெறும் மொட்டை மலையைப் பார்த்துக் கன்னியப்பன் கூவினான்.

"மோத்திம்மா! மலையைப் பாருங்க! ஆவாரை பூத்து மலையே தங்கமா கெடக்குது! இந்த மாதிரி நான் பட்டை வண்டி ஓட்டுன காலத்துல கூடப் பாத்ததில்ல!"

உள்ளே அசைவு கேட்டது. கொஞ்ச நேரத்தில் பென்சில் உரசியது. அழுகை நின்றுவிட்டதே, அது போதும் என்று அவன் லகானைச் சுண்டினான்.

மறு வருஷம் மாசியில் பட்டைக்குப் பஞ்சம் வந்தது. இரண்டு மழை பொய்த்திருந்தது. பக்கத்துக் காடுகளையெல்லாம் ஏற்கெனவே உரித்துத் தீர்த்திருந்தார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வரும் பட்டையும் வந்து சேரவில்லை. நசீர் அகமது சாயபுவின் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி நிறையத் தோல் கிடந்தது. பத்து நாளைக்குள் அதை எடுத்துப் பட்டைத் தண்ணீரில் போடாவிட்டால் மயிரோடு சேர்ந்து தோலும் கரைந்துவிடும். ஷபீ அஹமதுவின் ஆட்கள் நாலு திசையும் போய் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் கன்னியப்பனை முன்னறைக்குக் கூப்பிட்டார்கள். சாயபு நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஷபீ அஹமது பக்கத்தில் நின்றிருந்தார். மேஜைமேல் பச்சைத் துணி அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் விரிந்து கிடந்தது. அதில் இருந்த உருது எழுத்து கன்னியப்பனுக்குப் புரியவில்லை. எழுத்துக்கு நடுவே பென்சிலால் வரைந்திருந்த பறவை புரிந்தது. இறக்கையை விரித்த பனங்காடை.

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"இது இன்னான்னு தெரியுதா கன்னியப்பா?" என்றார் சாயபு.

"சாயபு, என் பெண்டு புள்ளைங்க மேல ஆணையா, பீபிம்மாகிட்ட நான் ஒரு வார்த்தை பேசினதில்லீங்க! குதிரைகிட்டதான் பேசினேன்!"

"ரெண்டு வருஷமாவா?" என்றார் ஷபீ அஹமது.

"தெனமும் இல்லீங்க. வியாழன், ஞாயிறு மட்டும்."

சாயபு தாடியைத் தடவிக்கொண்டார். "ஷபீ, குதிரைகிட்ட பேசக்கூடாதுன்னு நீ சொல்லியிருந்தியா?"

"இல்லீங்க. அது வந்து..."

"சொல்லலைன்னா விடு."

கன்னியப்பனுக்கு மூச்சு வந்தது. ஆனால் அது நெடுநேரம் நிலைக்கவில்லை. சாயபு நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினார். "என் மருமக இதுவரைக்கும் எங்கிட்ட வியாபாரத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நேத்து தானா இதை அனுப்பிச்சிருக்கா. ரெண்டு வருஷமா ரோட்டுல இருக்குற பூவையெல்லாம் தேதி போட்டு எழுதி வெச்சிருக்கா. கேளு." உருதுவில் இருந்ததை அவர் தமிழில் சொன்னார். "போன பங்குனி. மாதனூர் தாண்டி ஏழாவது மைல்கல். ஆவாரை. கண்ணுக்கு எட்டுன மட்டும் மஞ்சள்..."

அதற்கு மேல் அவர் படித்தது கன்னியப்பனின் காதில் ஏறவில்லை. மொட்டை மலையும் கானலும்தான் கண்முன் வந்து நின்றன.

"சனிக்கிழமை விடிகாலையில பன்னெண்டு வண்டி, பட்டை உரிக்க நாப்பது ஆளு பொறப்படுது. நீ முன்னாடி போய் எடத்தைக் காட்டு," என்றார் சாயபு.

"சரிங்க" என்று ஒரு குரல் சொன்னது. அது தன் குரல்தான் என்பது வெளியே வந்த பிறகே அவனுக்கு உறைத்தது.

அறைக்குப் போய் மனைவி அமிர்தவள்ளியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் களி கிண்டிக்கொண்டே கேட்டாள். கடைசியில் துடுப்பை எடுத்து வைத்துவிட்டு, "கல்யாணமாகி இத்தினி வருஷத்துல என்கிட்ட ஒரு நாளாச்சும் தங்கமலைன்னு சொல்லிருப்பியாய்யா? எனக்குச் சொன்னதெல்லாம் உப்பு தீந்துடுச்சு, வெறகு தீந்துடுச்சு" என்றாள்.

"வெளையாடாதடி. பேஜாராப் போச்சு."

"இதுல இன்னா பேஜாரு? சாயபுகிட்ட போய், அது பொய்னு சொல்லிடு."

"சொன்னா என் வேலை போவும். அது போவட்டும். அந்தப் பொண்ணு எழுதினதெல்லாம் பொய்யின்னு ஆயிடும். மாமனாருக்கு முன்னால அதுக்குத் தலைகுனிவு. அப்புறம் அதை வண்டியிலயும் ஏத்தமாட்டாங்க. மறுபடியும் அந்த நாலு சுவத்துக்குள்ள..."

"சொல்லலைன்னா?"

"பன்னெண்டு வண்டியும் மொட்டைப் பாறை எதிர்ல போய் நிக்கும். அதுக்குள்ள மூணு நாள் போயிருக்கும். தொட்டியில தோலு கூழாயிடும்."

அமிர்தவள்ளி யோசித்தாள். "நாளைக்கு வியாழக்கெழமைதானே? மொதல்ல அந்தப் பொண்ணுக்குச் சொல்லு. எழுதினது அதுதானே? அப்புறம் சாயபுக்குச் சொல்லிக்கலாம். வேலை போனா போவுது, உனக்குப் பட்டை வண்டி தெரியும், எனக்குப் பட்டை உரிக்கத் தெரியும்."

"அதுகூட நான் எப்படிப் பேசுறது?"

"இத்தினி நாளா எப்படிப் பேசினியோ அப்படித்தான்."

வியாழக்கிழமை காலை. புங்கமரங்கள் பூத்திருந்தன. பொரசமரத்தில் மைனாக்கள் கூட்டம் போட்டிருந்தன. கன்னியப்பன் ஒன்றையும் சொல்லவில்லை. இரண்டாவது மைல்கல் போயிற்று, மூன்றாவதும் போயிற்று.

"குதிரைக்கு இன்னிக்கு உடம்பு சரியில்லியா?" என்று பூவம்மாள் உள்ளிருந்து குத்தினாள். "ஒரு சேதியும் காணோம்?"

கன்னியப்பன் லகானைத் தளர்த்தினான். மோத்தி நடையைக் குறைத்தது.

"மோத்திம்மா," என்றான். கனைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான். "மோத்திம்மா, உங்ககிட்ட நான் பொய் சொல்லிட்டேங்க. பாதிக்கு மேல நெசம்தான். ஆனா ஒண்ணும் கெடைக்காத நாள்ல நானா உண்டாக்கிச் சொல்லிட்டேன். அந்த நரி பொய்யி. வெள்ளை மயில் பொய்யி. நீங்க பேச்சு மூச்சில்லாம வருவீங்க, அது எனக்குத் தாங்காது, அதனால சொன்னேன். ஏழாவது கல்லாண்ட மலையெல்லாம் ஆவாரைன்னு சொன்னேன் பாருங்க, அதுவும் பொய்யிங்க. அங்க பாறைதான் இருக்குது. சாயபு அதை நம்பி வண்டி அனுப்புறாரு. நான் இன்னிக்கே அவருகிட்ட போய் உண்மையைச் சொல்லிடுறேன். உங்களுக்கு ஒரு கெட்ட பேரும் வரக்கூடாது. தப்பெல்லாம் என்னுது. மன்னிச்சுக்குங்க மோத்திம்மா."

சக்கரம் மட்டும் உருண்டது. பிறகு திரைக்குள்ளே காகிதம் புரட்டும் சத்தம். பிறகு மெல்லிய குரலில் ஏதோ பேச்சு. கடைசியில் பூவம்மாள் சொன்னாள். "தோப்புல நிறுத்தாதய்யா. ஏழாவது கல்லுக்கு ஓட்டச் சொல்றாங்க."

"அங்க ஒண்ணும் இல்லைன்னுதானே..."

"நீ குதிரைகிட்டதானே பேசினே? எங்ககிட்ட ஏன் பதில் பேசுறே? ஓட்டுய்யா."

ஓட்டினான். மாதனூரைக் கடந்து ஏழாவது கல்லில் நிறுத்தினான். ஒரு பக்கம் மொட்டை மலை, அவன் சொன்ன பொய்க்குச் சாட்சியாக நின்றது. மறுபக்கம் வறண்ட ஏரியின் கரை, ரோட்டை ஒட்டி ஆள் உயரத்துக்கு மேலே போயிற்று. கொஞ்ச தூரத்தில் ஓர் இடத்தில் கரை உடைந்து, வாசல் மாதிரி ஒரு சந்து தெரிந்தது.

"மலையைப் பாக்க வேணாமாம்," என்றாள் பூவம்மாள். "கரை மேல ஏறி அந்தாண்ட பாருன்னு சொல்றாங்க."

கன்னியப்பன் இறங்கினான். கரையில் காலை ஊன்றி, எருக்கஞ்செடியைப் பிடித்து மேலே ஏறினான். அந்தப் பக்கம் பார்த்தான்.

ஏரியின் உள்ளே தொடங்கி, தூரத்துப் பனைமரங்கள் வரைக்கும் ஆவாரை. இரண்டு மழை பொய்த்தும் அடியில் இருந்த ஈரத்தைக் குடித்து இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. அதன்மேல் மஞ்சள் பூ கொத்துக் கொத்தாக. தேனீக்களின் ரீங்காரம் கரைமேல் வரைக்கும் கேட்டது. செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு கௌதாரி கத்திற்று. பத்து வருஷம் பட்டை வண்டி ஓட்டிய கன்னியப்பனுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வண்டி அல்ல, முப்பது வண்டி வந்தாலும் ஏற்றலாம்.

அவன் கரைமேலேயே உட்கார்ந்துவிட்டான். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து மார்பில் கிடந்த பாறாங்கல்லை யாரோ எடுத்து ரோட்டோரம் வைத்த மாதிரி இருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வேர்வை என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

இறங்கி வந்து குதிரையின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றான். பூவம்மாள்தான் திரையின் ஓரமாகத் தலையை நீட்டிப் பேசினாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உள்ளே திரும்பிக் கேட்டுக் கேட்டுச் சொன்னாள்.

"நீ மலையைப் பாருன்னு கத்தினப்போ பீபிம்மா மலையைத்தான் பாத்தாங்களாம். ஒண்ணும் இல்லியாம். எங்கேயோ இருக்கும், நாமதான் சரியாப் பாக்கலேன்னு இந்தப் பக்கத் தட்டியிலயும் கண்ணை வெச்சாங்களாம். கரை ஒடைஞ்ச எடத்துல ஒரு நிமிஷம் மஞ்சளாத் தெரிஞ்சுதாம். அதான் எழுதியிருக்காங்க. ஏரிப்பக்கம், கரைக்கு அந்தாண்டன்னு. நேத்து சாயபு படிச்சாரே, நீ கேக்கலியா?"

"காது அடைச்சுடுச்சு," என்றான் கன்னியப்பன்.

"இன்னொண்ணு சொல்றாங்க. தன் கண்ணால பாத்ததுக்கு எதிர்ல ஒரு புள்ளி வெப்பாங்களாம். பாக்காததுக்கு எதிர்ல ஒரு லாடம் வரைவாங்களாம்."

"லாடமா?"

"குதிரை லாடம். குதிரை மட்டும் பாத்ததுன்னு அர்த்தமாம்." பூவம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "மொத்தம் நாப்பத்தொரு லாடம் இருக்குதாம்."

"நாப்பத்தொண்ணா!" கன்னியப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அவ்வளவு இருக்காது! தோப்புக்கிட்ட உடும்பு பாத்தேன்னு சொன்னேனே, அது நெசம். அந்த ரெண்டு மொசலும் நெசம்! இவங்க திரும்பறதுக்குள்ள ஓடிப்போச்சு, அதுக்கு நான் இன்னா பண்றது?"

உள்ளே பென்சில் உரசும் சத்தம் கேட்டது. "உடும்பையும் மொசலையும் அடிச்சாச்சாம். முப்பத்தெட்டு," என்றாள் பூவம்மாள்.

"சாயபுக்கு லாடம் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"புள்ளி இருக்குறதை மட்டும் நம்புங்கன்னு சொல்லித்தான் அனுப்பினாங்களாம். ஆனா அவரு லாடத்தைத்தான் மொதல்ல படிச்சாராம். வெள்ளை மயில் வந்த எடத்துல சிரிச்சு, தேத்தண்ணி தாடி மேல சிந்திடுச்சுன்னு பீபிம்மாவோட மாமியார் சொன்னாங்க."

சனிக்கிழமை விடிகாலையில் வண்டிகள் புறப்பட்டன. கிராமத்து மணியக்காரரிடம் ஷபீ அஹமது முன்னதாகவே பேசி முடித்திருந்தார். அமிர்தவள்ளியும் உரிக்கப் போனாள். திங்கட்கிழமை மத்தியானம் முதல் பட்டை ஷாப்புக்கு வந்து இடிபட்டுத் தொட்டியில் இறங்கிற்று. தோல் பிழைத்தது. ஷபீ அஹமது லாயத்தின் பக்கம் வந்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மோத்தியின் நெற்றியைத் தட்டி, "நல்ல குதிரை" என்று சொல்லிவிட்டுப் போனார். கன்னியப்பனைப் பார்க்கவில்லை. அவரிடமிருந்து அதற்கு மேல் யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

அக்தரி பேகம் மாமனாருக்கு ஒரே ஒரு வேண்டுகோள் அனுப்பியிருந்தாள். கரை உடைந்த இடத்துக்கு நேரே, ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற அந்தத் துண்டை மட்டும் வெட்டாமல் விடவேண்டும். ஆவாரை வெட்டினாலும் தழைத்து வந்துவிடும். இருந்தாலும் அதை விட்டுவைத்தார்கள்.

அடுத்த ஞாயிறு கன்னியப்பன் திரையை இழுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். பட்டை வண்டிகள் போய் வந்ததில் ரோடெல்லாம் ஒரே புழுதி. பறவை பட்சி எதுவும் கண்ணில் படவில்லை. அவன் ஒன்றும் சொல்லவில்லை. இனிமேல் கண்ணால் கண்டதை மட்டும்தான் சொல்வது என்று மனைவியிடம் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தான். முதல் மைல் போயிற்று. இரண்டாவதும் போயிற்று.

திரைக்குள்ளிருந்து பெருமூச்சு வரவில்லை. அதற்குப் பதிலாக, இதுவரை நேராக ஒரு சொல்லும் அவன் பக்கம் வந்திராத அந்த மெல்லிய குரல், குதிரையைப் பார்த்துத்தான் பேசிற்று. "மோத்தி, இன்னிக்கு உனக்கு ஒண்ணுமே தெரியலியா? என் பென்சில் சும்மா இருக்கே."

கன்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். காலி ரோட்டைப் பார்த்தான். புழுதியைப் பார்த்தான். சத்தியத்தைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்தான்.

"மோத்திம்மா," என்றான், "அந்தப் பனைமரத்து உச்சியைப் பாருங்க. மானு! கொம்புல மாலை போட்டுக்கிட்டு நிக்குது!"

"லாடம் போட்டாச்சு, ஓட்டுய்யா," என்றாள் பூவம்மாள்.